சபைகள் ஏன் ஒன்றாகவில்லை? குடியாத்தத்திலிருந்து வந்த கேள்விக்கு ஒரு நீண்ட பதில்

கேள்வி இதுதான்: "நான் குடியாத்தம், சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை). எனக்கு நிச்சயமாகியிருக்கும் பெண் காட்பாடி, ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்கம்). இரண்டு வீட்டிலும் சம்மதம். ஆனால் எந்தக் கோயிலில் கல்யாணம், யார் நடத்துவது, நான் மறுபடி ஞானஸ்நானம் எடுக்க வேண்டுமா என்று தினம் ஒரு பேச்சு. எல்லாரும் கும்பிடுவது ஒரே இயேசுவைத்தானே? சபைகளெல்லாம் ஒன்றாகிவிட்டால் என்ன? எது தடுக்கிறது?"

தம்பி, கல்யாண விஷயத்துக்குக் கடைசியில் வருகிறேன். முதலில் வேலூரில் நான் போயிருந்த ஒரு கூட்டத்தைச் சொல்கிறேன். ஒவ்வொரு வருடமும் ஜனவரி 18 முதல் 25 வரை கிறிஸ்தவ ஒன்றிப்புக்கான ஜெப வாரம் உண்டு. ஆர்.சி., சி.எஸ்.ஐ., லுத்தரன் (மார்ட்டின் லுத்தர் வழிச் சபை) எல்லாரும் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்திருந்தோம். பாட்டு நன்றாகப் போயிற்று, பிரசங்கமும் பரவாயில்லை. கடைசியில் "எல்லாரும் சேர்ந்து கர்த்தர் கற்பித்த ஜெபத்தைச் சொல்வோம்" என்றார்கள். பாதிப் பேர் "பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே" என்று ஆரம்பித்தோம், மீதிப் பேர் "விண்ணுலகில் இருக்கிற எங்கள் தந்தையே" என்று ஆரம்பித்தார்கள். இரண்டு மாட்டு வண்டி ஒரே சந்துக்குள் நுழைந்த மாதிரி இருந்தது. முட்டி மோதி எப்படியோ "தீமை" வரைக்கும் வந்தோம். அங்கே கத்தோலிக்கர்கள் நிறுத்திவிட்டார்கள். நாங்கள் பழக்க தோஷத்தில் "ராஜ்யமும், வல்லமையும், மகிமையும்" என்று தொடர்ந்து, பக்கத்தில் சத்தம் இல்லை என்று தெரிந்ததும் குரலை இறக்கி முணுமுணுப்பாக முடித்தோம். வேடிக்கை என்னவென்றால், அந்த வரி அவர்கள் பூசையிலும் இருக்கிறது. நடுவில் சாமியார் ஒரு சிறு ஜெபம் சொன்ன பிறகுதான் அவர்கள் அதைச் சொல்வார்கள். ஒரு நிமிடம் காத்திருந்தால் போதும், இரண்டும் ஒன்றுதான். அந்த ஒரு நிமிடத்துக்கு இருவருமே பழகவில்லை.

இதில் கொள்கைச் சண்டை எதுவும் இல்லை. எல்லாம் பழக்கம். சபைப் பிரிவில் எவ்வளவு கொள்கை, எவ்வளவு பழக்கம், எவ்வளவு வெறும் பூகோளம் என்று பிரித்துப் பார்க்காமல் பேசினால் உங்கள் கேள்விக்கு விடை கிடைக்காது.

பூகோளத்தில் ஆரம்பிப்போம். நீங்கள் ஏன் சி.எஸ்.ஐ.? உங்கள் கொள்ளுத்தாத்தா சீர்திருத்தவாதிகளான கால்வினையும் லுத்தரையும் ஒப்பிட்டுப் படித்து முடிவெடுத்திருக்க மாட்டார். 19ஆம் நூற்றாண்டில் புரொட்டஸ்டன்ட் மிஷன்கள் தங்களுக்குள் எல்லை பிரித்துக்கொண்டன. ஒருவர் ஊழியம் செய்யும் தாலுகாவில் இன்னொருவர் நுழைவதில்லை என்று ஏற்பாடு. பழைய வட ஆற்காட்டில் வேலூர், இராணிப்பேட்டை, ஆரணிப் பக்கமெல்லாம் ஆற்காடு மிஷன். அமெரிக்காவில் குடியேறிய டச்சுக்காரர்களின் சீர்திருத்தத் திருச்சபை அனுப்பியது, ஸ்கடர் சகோதரர்கள் 1853இல் நிறுவியது. திருவண்ணாமலைப் பக்கம் டேனிஷ் மிஷன், அதுதான் பின்னால் ஆற்காடு லுத்தரன் திருச்சபை ஆனது. ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் மிசௌரி லுத்தரன்கள். அவர்கள் வந்த கதை தனிக் கதை. வேதாகமம் பிழையற்றதா என்பதில் ஜெர்மனியின் லைப்சிக் மிஷனோடு முரண்பட்டு வெளியேறிய மிஷனரிகள் அமெரிக்காவின் மிசௌரி சினாடு என்ற லுத்தரன் சபையுடன் சேர்ந்து, 1890களில் கிருஷ்ணகிரியிலும் ஆம்பூரிலும் வேலையைத் தொடங்கினார்கள். ஜெர்மன் பண்டிதர்களின் வாக்குவாதம் பாலாற்றங்கரையில் ஒரு தனிச் சபையாக முளைத்தது.

கத்தோலிக்கர்கள் இந்த எல்லை ஏற்பாட்டுக்குள் வரவில்லை. சேத்துப்பட்டில் பிரெஞ்சுக் குருவான தராஸ் சாமியார் 1876–78 பெரும் பஞ்சத்தின்போது ஆயிரக்கணக்கானவர்களைத் திருச்சபையில் சேர்த்தார். பின்னால் சலேசிய சபைத் துறவிகள் வந்தார்கள், 1952இல் வேலூர் தனி மறைமாவட்டம் (ஒரு கத்தோலிக்க பிஷப்பின் நிர்வாகப் பகுதி) ஆனது. ஆகவே எந்த ஊரில் எந்த வெள்ளைக்காரர் முதலில் வண்டியை அவிழ்த்தாரோ, அந்த ஊர் அந்தச் சபை. இதை ஒப்புக்கொள்ள நமக்குக் கூச்சமாக இருக்கிறது, ஏனென்றால் நூறு வருடத்தில் அதையே பரம்பரைச் சொத்தாக்கி, "நாங்கள் அந்தக் காலத்து லுத்தரன் குடும்பம்" என்று மீசை முறுக்கிக்கொள்கிறோம். என் அம்மா வழியில் அப்படி முறுக்கியவர்கள் உண்டு.

இந்த உண்மையை முதலில் உரக்கச் சொன்னவர்கள் தமிழர்களும் தெலுங்கர்களுமான ஊழியர்கள்தான். 1919 மே மாதம் தரங்கம்பாடியில் 33 பேர் கூடினார்கள், இரண்டு பேர் தவிர எல்லாரும் இந்தியர்கள். வெள்ளாளன்விளையில் பிறந்து, 1912இல் இங்கிலாந்துத் திருச்சபை மரபான ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயரான (பிஷப்) அசரியா அங்கே இருந்தார். இந்தப் பிரிவினைகளுக்கு நாங்கள் பொறுப்பில்லை, வெளியிலிருந்து எங்கள்மேல் சுமத்தப்பட்டவை, இவை எங்களைப் பலவீனமாக்குகின்றன என்பதுதான் அந்த அறிக்கையின் சாரம்.

அடுத்த வருடமே பேச்சுவார்த்தை தொடங்கியது. முடிய 27 வருடம் ஆயிற்று. அசரியா முடிவைப் பார்க்கவில்லை, 1945 புத்தாண்டு அன்று இறந்துபோனார். 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது. ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரெஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் என்ற நான்கு மரபுகள் அதில் கலந்தன. பிந்திய இரண்டும் 1908லேயே தென்னிந்திய ஐக்கிய சபையாகச் சேர்ந்திருந்தன, நம் ஆற்காடு மிஷன் சபைகள் அதன் வழியாகத்தான் உள்ளே வந்தன. பேராயர் உள்ள ஆங்கிலிக்கன் சபையும், பேராயரே வேண்டாம் என்றிருந்த சபைகளும் ஒரே சபையானது உலகத்தில் அதுதான் முதல் முறை. நாம் சாதாரணமாகச் சொல்லும் "சி.எஸ்.ஐ." என்ற மூன்றெழுத்துக்குப் பின்னால் இருப்பது இது.

27 வருடம் எதில் போயிற்று? பெரும்பாலும் ஒரே கேள்வியில். ஒருவர் தலைமேல் யார் கைவைத்தால் அவர் ஆயர் (சபைப் போதகர்)? அப்போஸ்தலர் காலத்திலிருந்து பேராயர் பேராயராகக் கைமாறி வந்த அபிஷேகம் வேண்டும் என்றார்கள் ஆங்கிலிக்கர்கள். அப்படியானால் முப்பது வருடமாகத் திருவிருந்து (அப்பமும் திராட்சரசமும் பகிரும் சடங்கு) கொடுத்த எங்கள் ஐயர்மார், அதாவது எங்கள் போதகர்கள், போலியா என்று கேட்டார்கள் ஐக்கிய சபையார். கேள்வி நியாயம்தான். அவர்களுக்கு மறுபடி அபிஷேகம் செய்தால், இதுவரை செய்ததெல்லாம் செல்லாது என்று ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும். கடைசியில் கண்ட வழி எளிமையானது. இருக்கிறவர்கள் இருக்கிறபடியே ஏற்கப்படுவார்கள். இனிமேல் அபிஷேகம் பெறுகிறவர்களுக்கெல்லாம் பேராயர் கைவைப்பார். முப்பது வருடத்தில் எல்லாம் தன்னால் சமமாகிவிடும், மிச்சத்தை அப்போது பார்த்துக்கொள்ளலாம். எந்தச் சபைமீதும் அதன் மனசாட்சி ஏற்காத ஊழியரைத் திணிப்பதில்லை என்று வாக்கும் கொடுத்தார்கள். நம் ஊரில் பாகப்பிரிவினைக்கு உட்காரும் பெரியவர்கள் செய்கிற வேலைதான். தீர்க்க முடியாததைக் காலத்திடம் விட்டுவிட்டு, தீர்க்க முடிந்ததை எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுவார்கள்.

எல்லாரும் சம்மதிக்கவில்லை. ஆந்திராவில் நந்தியால் பகுதியில் ஆங்கிலிக்கன் சபையார் பலர் சேர மறுத்து வெளியே நின்றார்கள், 1970களில்தான் வந்தார்கள். 2013இல் சி.எஸ்.ஐ.யின் முதல் பெண் பேராயராக புஷ்ப லலிதா அபிஷேகம் பெற்றது எந்தத் திருமண்டலத்துக்கு (பேராயரின் நிர்வாகப் பகுதி) தெரியுமா? அதே நந்தியாலுக்கு.

சரி, வேலூருக்குத் திரும்புவோம். இந்த ஊரில் ஒன்றிப்பு ஏட்டில் வருவதற்கு முன்பே ஆஸ்பத்திரியில் வந்துவிட்டது. ஐடா ஸ்கடர் அம்மையார் 1900இல் ஒற்றைப் படுக்கையோடு ஆரம்பித்தது ஆற்காடு மிஷனின் வேலை. ஆனால் 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி தொடங்கும்போது ஒரு மிஷனின் கையில் அது அடங்கவில்லை, பல மிஷன்கள் பொறுப்பேற்றன. பின்னால் எம்.பி.பி.எஸ். படிப்பாக உயர்த்தியே ஆக வேண்டும், இல்லாவிட்டால் மூட வேண்டும் என்ற நெருக்கடி வந்தபோது இன்னும் பல சபைகள் கைகொடுத்தன. 1942இல் அங்கீகாரம், 1947இல் ஆண் மாணவர்கள். சி.எஸ்.ஐ. பிறந்த அதே வருடம், கவனியுங்கள். இன்றைக்கும் அந்தக் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியை, சி.எம்.சி.யை, ஆள்வது ஒரு சபை அல்ல, நாடு முழுவதிலுமிருந்து பல திருச்சபைகளும் கிறிஸ்தவ அமைப்புகளும் சேர்ந்த ஒரு கவுன்சில். பாகாயத்தில் அதன் மாணவர் விடுதியில் கேரளத்து மார்த்தோமா சபைக்காரரும் மிசோரம் பிரெஸ்பிட்டேரியனும் பாப்டிஸ்ட்டும் ஒரே மேசையில் சாப்பிடுவதை யாரும் அதிசயமாகப் பார்ப்பதில்லை. கொள்கையில் ஒத்துப்போன பிறகு சேர்ந்து வேலை செய்யலாம் என்று காத்திருந்தால் ஒரு தையல்கூடப் போட்டிருக்க மாட்டார்கள் என்பது என் எண்ணம்.

திருப்பத்தூரிலும் ஒன்று உண்டு. 1921இல் ஜேசுதாசன் என்ற தமிழ் டாக்டரும் பேட்டன் என்ற ஸ்காட்லாந்து டாக்டரும் கிறிஸ்துகுல ஆசிரமம் தொடங்கினார்கள். கதர் கட்டி, தரையில் உட்கார்ந்து சாப்பிட்டு, திராவிடக் கோயில் பாணியில் ஒரு ஜெபாலயமும் கட்டினார்கள். சபைப் பிரிவைவிட வெள்ளைக்காரர், கறுப்பர் என்ற பிரிவுதான் அவர்களை அதிகம் உறுத்தியது.

இப்போது "ஒன்றாகிவிட்டால் என்ன" என்ற உங்கள் கேள்விக்கு நேராக வருகிறேன். ஒன்றாவது என்றால் என்ன என்பதிலேயே ஒருமித்த கருத்து இல்லை. சி.எஸ்.ஐ. பாணியில் பெயர், நிர்வாகம், ஊழியம் எல்லாவற்றையும் ஒன்றாக்குவது ஒரு வகை. 1970இல் வட இந்தியத் திருச்சபை அப்படித்தான் பிறந்தது. குழந்தை ஞானஸ்நானத்தை ஏற்காத பாப்டிஸ்ட்டுகள்கூட அதில் சேர்ந்தார்கள், இரண்டு முறையும் இருக்கட்டும் என்று. இன்னொரு வகை, அவரவர் வீடு அவரவருக்கு, ஆனால் கதவு பூட்டக் கூடாது. ஒருவர் ஞானஸ்நானத்தை மற்றவர் ஏற்க வேண்டும், ஒருவர் திருவிருந்துப் பந்தியில் மற்றவர் உட்காரலாம். சி.எஸ்.ஐ.யும் மார்த்தோமா சபையும் இப்படித்தான் இருக்கின்றன. மூன்றாவது, கொள்கை எப்படியிருந்தாலும் பொதுக் காரியத்தில் சேர்ந்து நிற்பது. 1948இல் ஆம்ஸ்டர்டாமில் உருவான உலகத் திருச்சபைகள் மன்றம் இந்த மூன்றுக்கும் நடுவில் எங்கோ நடந்துகொண்டிருக்கிறது. 1964இல் கத்தோலிக்க ஆயர்களின் உலகக் கூட்டமான இரண்டாம் வத்திக்கான் சங்கம் கிறிஸ்தவ ஒன்றிப்பைப் பற்றி ஓர் ஆவணம் வெளியிட்ட பிறகு கத்தோலிக்கர்களும் பேச்சுக்கு வந்தார்கள். 1999இல் அவர்களும் லுத்தரன் உலக சம்மேளனமும் விசுவாசத்தினால் நீதிமானாக்கப்படுதல் (கடவுள் முன் மனிதன் எப்படி நீதிமானாகிறான் என்பது) பற்றிக் கூட்டறிக்கையில் கையெழுத்திட்டார்கள். லுத்தர் எந்த விஷயத்துக்காகச் சண்டை பிடித்தாரோ அதன் அடிப்படையில் இருவருக்கும் ஒப்புதல் வந்துவிட்டது. ஆம்பூர் பஜாரில் இந்தச் செய்தி யாருக்காவது தெரியுமா என்று கேட்டுப் பாருங்கள்.

எல்லாரும் மேற்கோள் காட்டும் வசனம் யோவான் 17:21, "அவர்களெல்லாரும் ஒன்றாயிருக்கவும்." சி.எஸ்.ஐ. முத்திரையிலும் அதுதான். பலர் அதோடு நிறுத்திவிடுவார்கள். வசனம் "உலகம் விசுவாசிக்கிறதற்காகவும்" என்று தொடர்கிறது. அதாவது ஒன்றிப்பு நம் சௌகரியத்துக்காகக் கேட்கப்பட்டது அல்ல.

தடைகளில் பெரியது திருவிருந்துதான். இருபது வயதில் ஒரு உறவினர் வீட்டு விசேஷத்துக்குப் போன இடத்தில், வேறொரு சபையில் ஞாயிறு ஆராதனைக்குப் போனேன். எல்லாரும் முன்னே போனார்கள், நானும் போய் முழங்கால் போட்டேன். ஐயர் என் முறை வந்ததும் குனிந்து, "தம்பி எந்தச் சபை?" என்று காதோடு கேட்டார். சொன்னேன். தலையில் கைவைத்து ஆசீர்வதித்துவிட்டு அடுத்தவரிடம் போய்விட்டார். அவர்மேல் எனக்கு இன்றும் கோபமில்லை, அவர் சபையின் விதி அது. ஆனால் திரும்பி இருக்கைக்கு நடந்த அந்தப் பதினைந்து அடி தூரம் எனக்கு மறக்கவில்லை. கத்தோலிக்கத் திருச்சபையிலும் பொதுவாக இதே நிலைதான். அவர்கள் வாதம் அலட்சியப்படுத்தக் கூடியதல்ல. நற்கருணை (திருவிருந்துக்கு அவர்கள் பெயர்) என்பது முழு ஒன்றிப்பின் அடையாளம், இல்லாத ஒன்றிப்பை இருப்பதாகக் காட்டினால் அது பொய் என்கிறார்கள். நம் பக்கம், பந்தியில் சேர்ந்து உட்கார்ந்தால்தானே உறவு வளரும் என்கிறோம். கல்யாணம் முடிந்த பிறகா சாப்பாடு, சாப்பாட்டோடு கல்யாணமா என்ற மாதிரி. நான் இரண்டாவது கட்சி. ஆனால் முதல் கட்சிக்காரர் பிடிவாதக்காரர் என்று சொல்ல மாட்டேன்.

போப்பின் அதிகாரம், மாதா வணக்கம், பெண்களுக்குக் குருத்துவம் இவையெல்லாம் உண்மையான வேறுபாடுகள்தான். இவற்றைப் பற்றி வேண்டிய அளவு எழுதிக் குவித்திருக்கிறார்கள், நான் வேறு எழுத வேண்டாம்.

எழுதாமல் விடுவது வேறு சில. சொத்து ஒன்று. மிஷன் விட்டுப்போன பள்ளிக்கூடம், மைதானம், ரோட்டோரக் கடைகள். இரண்டு சபை ஒன்றானால் இரண்டு பொருளாளரில் ஒருவர் வீட்டுக்குப் போக வேண்டும். சி.எஸ்.ஐ.யும் லுத்தரன் சபைகளும் 1947க்குப் பின் பல வருடம் உட்கார்ந்து பேசி, கொள்கையில் ஒப்பந்தங்களே எழுதிவிட்டார்கள். மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் 1969 முதல் இரண்டு சபைக்கும் ஊழியர்கள் ஒரே பெஞ்சில் படிக்கிறார்கள். ஆனாலும் ஒரே சபை ஆகவில்லை. காரணம் வேதாகமத்தின் ரோமர் நிருபத்தில் இல்லை என்று மட்டும் சொல்லிவைக்கிறேன்.

சாதி இன்னொன்று, இது இன்னும் கசப்பு. வட ஆற்காட்டுச் சபைகளில் பெரும்பாலானவர்கள் தலித் மக்கள், ஆகவே இங்கே சில விஷயம் தெற்கைப் போல் வெளியே தெரியாது. ஆனால் தமிழ்நாட்டில் ஒரே ஊரில், ஒரே சபையில், ஒரே பேராயரின் கீழ் இரண்டு கல்லறைத் தோட்டம் இருப்பதை நாம் அறிவோம். நான்கு மரபைச் சேர்க்க 27 வருடம் பிடித்தது. ஒரு சுவரை இடிக்க எத்தனை வருடம் என்று கணக்குச் சொல்ல எந்தச் சங்கமும் கூடவில்லை. ஒன்றிப்பு உருப்படியாக நடப்பதும் இந்த விஷயத்தில்தான் என்பதையும் சொல்ல வேண்டும். 1950ஆம் வருட ஜனாதிபதி ஆணை தலித் கிறிஸ்தவர்களைப் பட்டியல் சாதி உரிமையிலிருந்து விலக்கியது. அதை எதிர்த்து ஆகஸ்ட் 10ஆம் தேதியைக் கறுப்பு தினமாகக் கத்தோலிக்க ஆயர் பேரவையும் புரொட்டஸ்டன்ட் சபைகளின் தேசிய மன்றமும் சேர்ந்தே அனுசரிக்கின்றன. அன்றைக்கு யார் பூசை, யார் ஆராதனை என்று எவரும் கேட்பதில்லை.

மூன்றாவது, புதிய சபைகள். உங்கள் தெருவிலேயே மாடியில் ஒன்று, ஷெட்டில் ஒன்று இருக்கும். "மந்தையைத் திருடுகிறார்கள்" என்று நம் ஆட்கள் குறைப்படுவது உண்மை. ஆனால் ஆடு ஏன் போனது என்று கேட்க வேண்டாமா? காய்ச்சலில் படுத்திருந்த வீட்டுக்கு யார் முதலில் வந்து ஜெபித்தார்கள் என்று விசாரித்தால் விடை கிடைத்துவிடும். அவர்களோ நம் குழந்தை ஞானஸ்நானத்தை ஏற்பதில்லை, முழுக்கு மறுபடி எடுக்க வேண்டும் என்பார்கள். ஒன்றிப்புக் கூட்டங்களில் அவர்கள் நாற்காலி பெரும்பாலும் காலியாகத்தான் இருக்கும். அழைப்பு அனுப்பாததும் ஒரு காரணம்.

மொழி மட்டும் மெல்ல இறங்கி வந்திருக்கிறது. 1995இல் கத்தோலிக்கரும் புரொட்டஸ்டன்டாரும் சேர்ந்து திருவிவிலியம் பொது மொழிபெயர்ப்பைக் கொண்டுவந்தார்கள். கத்தோலிக்கர்கள் பூசையில் வாசிக்கிறார்கள், நம் ஆட்கள் அலமாரியில் வைத்துவிட்டு பழைய கறுப்பு அட்டை வேதாகமத்துக்கே திரும்பிவிட்டார்கள். தேவன் என்று கும்பிட்ட வாய்க்குக் கடவுள் என்று வரமாட்டேன் என்கிறது. விசுவாசப் பிரமாணத்தில் நாம் "பொதுவான சபை" என்று சொல்வதும் அவர்கள் "கத்தோலிக்கத் திருஅவை" என்று சொல்வதும் ஒரே கிரேக்கச் சொல்தான். பாட்டில் இந்தத் தடை இல்லை. கீர்த்தனை எழுதிய தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியார் லுத்தரன், அவர் கீர்த்தனைகளைப் பாடாத சி.எஸ்.ஐ. கோயில் எங்காவது உண்டா?

இனி உங்கள் கல்யாணம். நீங்கள் மறுபடி ஞானஸ்நானம் எடுக்க வேண்டாம். தண்ணீரால் பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் நாமத்தில் பெற்றது கத்தோலிக்கத் திருச்சபைக்கும் செல்லும். சபைப் பதிவேட்டிலிருந்து சான்றிதழ் வாங்கிக்கொண்டால் போதும். பெண் தன் பங்குத்தந்தை வழியாக மறைமாவட்ட ஆயரிடம் கலப்புத் திருமண அனுமதி பெற வேண்டும். குழந்தைகளைக் கத்தோலிக்கராக வளர்க்கத் தன்னால் முடிந்ததைச் செய்வேன் என்று அவர் வாக்களிக்க வேண்டும். நீங்கள் எழுதிக் கொடுக்க வேண்டியதில்லை, ஆனால் அப்படி ஒரு வாக்கு இருப்பது உங்களுக்குத் தெரிய வேண்டும். இதை நிச்சயத்துக்கு முன்பே பேசியிருந்தால் நல்லது, இல்லாவிட்டால் இந்த வாரமே இருவரும் உட்கார்ந்து பேசிவிடுங்கள். கல்யாணம் உங்கள் கோயிலில்தான் என்றால் அதற்கும் தனி விதிவிலக்கு கேட்கலாம், கிடைப்பதுண்டு. காலையில் அங்கே ஒன்று, மாலையில் இங்கே ஒன்று என்று இரண்டு முறை நடத்த அவர்கள் சட்டம் விடாது. ஓலை வாசிக்க (திருமண அறிவிப்பைக் கோயிலில் படிக்க) மூன்று ஞாயிறு ஆகும், அதைக் கணக்கில் வைத்துத் தேதி குறியுங்கள். மண்டபத்துக்கு முன்பணம் கொடுத்துவிட்டு அனுமதிக்கு அலைந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

அப்புறம் பத்திரிகை. நம் சபையில் ஆயர் என்றால் ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் செய்கிறவர், பேராயர் என்றால் பிஷப். அவர்களிடம் ஆயர் என்றாலே பிஷப், பேராயர் என்றால் அதற்கும் மேலே, மயிலாப்பூரில் இருப்பவர். வெறுமனே "ஆயர் அவர்கள் நடத்திவைப்பார்கள்" என்று அச்சடித்தீர்களானால் காட்பாடிச் சொந்தமெல்லாம் மறைமாவட்ட ஆயரே வருகிறார் என்று பட்டுச் சேலை கட்டிக்கொண்டு முன் வரிசைக்கு வந்துவிடுவார்கள். "சபை ஆயர்" என்று போடுங்கள்.